கார் நிற்கும் இடங்கள்: மரீனா பே பந்தயத்தின் பின்புறம்

ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சியிலும் பார்வையாளர் மாடத்திலும் பார்த்துவந்த எனக்குக் கார் என்றாலே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று என்ற எண்ணமே இருந்தது. 2024 செப்டம்பர் 20 முதல் 22 வரை சிங்கப்பூரின் மரீனா பே சாலைத் தடத்தில் நடந்த கிராண்ட் பிரீ வார இறுதியில், ஓர் அணிக்குப் பொருள் வழங்கும் நிறுவனத்தில் பணிபுரியும் நண்பரின் தயவால் அணிகளின் பணியிடமான பேடக்குக்குள் செல்லும் விருந்தினர் அட்டை எனக்குக் கிடைத்தது. உள்ளே போய்ப் பார்த்தபின் ஒன்று தெளிவாகப் புரிந்தது: பந்தயத்தின் பெரும்பகுதி கார் நின்றுகொண்டிருக்கும்போதுதான் நடக்கிறது. ஒன்றரை நிமிடத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சுற்றை முடித்துவிடும் அந்த வண்டியை, கராஜிலும் எடைமேடையிலும், சக்கரம் மாற்ற வந்து நிற்கும் பாதையான பிட் லேனின் கோடுகளுக்குள்ளும் நிற்கும் நிலையில் பார்த்துக்கொண்டிருப்பதில் இத்தனை சுவை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மரீனா பே தடம் மற்ற நாட்களில் ஊரார் வண்டி ஓட்டும் சாலைதான். ராஃபிள்ஸ் புலவார், எஸ்பிளனேட் டிரைவ், ஆண்டர்சன் பாலம் என்று நகரின் நடுவே செல்லும் சாலைகளை அடைத்து, இருபுறமும் கான்கிரீட் தடுப்புகளை நிறுத்தி, மேலே விளக்குகளைக் கட்டி அதைத் தடமாக்குகிறார்கள். ஆண்டு முழுவதும் நிலையாக இருப்பது, சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினத்தின் அருகிலுள்ள பிட் கட்டடம் மட்டுமே. அதன் முன்பக்கம் பிட் லேன், பின்பக்கம் பேடக். கழுத்தில் தொங்கும் அட்டையைச் சுழல் கதவில் காட்டி உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது பரபரப்பு அல்ல, தூக்கக் கலக்கம். பிற்பகல் இரண்டு மணிக்கு மெக்கானிக்குகள் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இது இரவுப் பந்தயம் என்பதாலும் அணிகளின் இருப்பிடம் ஐரோப்பா என்பதாலும், இங்கு வந்த பின்னும் அவர்கள் ஐரோப்பிய நேரத்திலேயே வாழ்கிறார்கள்; விடியற்காலையில் படுத்து நண்பகலுக்குப் பின் எழுகிறார்கள். வெள்ளிக்கிழமையின் முதல் பயிற்சி மாலை 5.30-க்கும், இரண்டாவது இரவு 9 மணிக்கும், ஞாயிறன்று பந்தயம் இரவு 8 மணிக்கும் இருந்ததால் அந்த ஏற்பாடு அவர்களுக்குச் சரியாகவே பொருந்துகிறது. உள்ளூர் நேரத்தில் வாழும் விருந்தினர்தான் நள்ளிரவுக்குப் பின் கொட்டாவி விட வேண்டியிருக்கிறது.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் 15 அன்று, இதே கார்கள் அஜர்பைஜானின் பாகு நகரில் ஓடியிருந்தன. பந்தயம் முடிந்த இரவே பிரித்து, பெட்டிகளில் அடைத்து, விமானத்தில் ஏற்றி, சில நாட்களுக்குள் இங்கே மறுபடி பூட்டியிருக்கிறார்கள். கராஜின் சுவர்ப் பலகைகள், மேசைகள், கருவி அலமாரிகள் போன்ற அவசரமற்ற பொருட்களை ஒவ்வோர் அணியும் பல தொகுதிகளாகச் செய்து வைத்துக்கொண்டு, ஒரு தொகுதி ஒரு நாட்டில் பயன்படும்போதே இன்னொன்றைக் கப்பலில் வேறொரு நாட்டுக்கு அனுப்பிவிடுவதால், அணி வந்து இறங்கும்போது அறை ஏறத்தாழ தயாராகவே இருக்கிறது. தொலைக்காட்சியில் எல்லா ஊர்களிலும் கராஜ் ஒரே மாதிரி தெரிவதன் காரணம் இதுதான்.

கராஜுக்குள் விருந்தினர் நிற்பதற்குப் பின்பக்கம் ஒரு சிறிய இடம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கிருந்து நகரக் கூடாது. தரையில் வாகனப் பணிமனையின் எண்ணெய்ப் பிசுபிசுப்பைத் தேடினால் கிடைக்காது. துடைத்த தரை, அதன்மேல் அளவெடுத்து ஒட்டிய கோடுகள். கார் தாங்கிகளின்மேல் நின்றது. சக்கரங்கள் இல்லை, மேல்மூடி இல்லை, அடித்தளத்தையும் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளிருந்த குழாய்களையும் கம்பிகளையும் பார்த்தபோது, இவற்றுக்கிடையே ஒரு மனிதர் உட்காரவும் இடம் கண்டுபிடித்திருக்கிறார்களே என்றுதான் தோன்றியது. என்ஜினை நினைத்த நேரத்தில் இயக்கிவிட முடியாது. அதன் பாகங்கள் வேலை செய்யும் வெப்பநிலைக்கேற்ற நெருக்கத்தில் பொருத்தப்பட்டவை என்பதால், குளிர்ந்த நிலையில் அதைச் சுழற்றுவது ஆபத்து. ஆகவே சூடாக்கிய திரவத்தை வெளியிலிருந்து செலுத்தி, என்ஜினைப் பதத்துக்குக் கொண்டுவந்த பிறகே உயிர்ப்பிக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு மெக்கானிக் குழாயின் மேல் கையை வைத்தபடி திரையில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எண் போதாதென்று கையையும் நம்பியது எனக்குப் பிடித்திருந்தது.

ஓட்டுநரின் தலைக்கு மேலே, காற்று உட்புகும் வாயின் அருகில், ஒரு சிறிய விளக்கு இருக்கிறது. இவை பெட்ரோல் என்ஜினோடு உயர் மின்னழுத்த மின்கலமும் மோட்டாரும் கொண்ட கலப்பினக் கார்கள். எங்காவது மின்காப்பு பழுதாகிவிட்டால் காரின் உடலே மின்சாரம் பாயும் பொருளாகிவிடலாம். விளக்கு பச்சையாக எரிந்தால் தொடலாம். சிவப்பானால் யாரும் கிட்டே போகக் கூடாது. அப்படிப்பட்ட நிலையில் ஓட்டுநர் இறங்க வேண்டுமென்றால், ஒரு கால் காரிலும் ஒரு கால் தரையிலுமாக வைக்காமல் குதித்து விலக வேண்டும். தொலைக்காட்சியில் இத்தனை ஆண்டுகள் பார்த்தும் அந்த விளக்கை நான் கவனித்ததே இல்லை. அதன்பின் எந்தக் காரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போனது.

டயர்களைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பேடக்கின் பின்பகுதியில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தவை அவைதான். 2011 முதல் பிரெல்லி நிறுவனமே எல்லா அணிகளுக்கும் டயர் வழங்குகிறது. வழக்கமான ஒரு வார இறுதியில் ஓர் ஓட்டுநருக்கு உலர்தடத்துக்கான டயர்கள் 13 தொகுதிகள் கிடைக்கும். எந்த டயர் எந்த ஓட்டுநருக்கு என்பதைப் பட்டைக்குறியீட்டைக் கொண்டு குலுக்கல் முறையில் உலக மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. ஒதுக்குகிறது, அணியோ பிரெல்லியோ நல்லதாகப் பார்த்துப் பொறுக்க முடியாது. அணிகள் தங்கள் சக்கர வளையங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க, பிரெல்லியின் ஆட்கள் டயரைப் பூட்டித் தருகிறார்கள். சிவப்புக் கோடு மென்மையானது, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம் என்பது ரசிகர்கள் அறிந்ததே. ஆனால் ஒரு டயர் விலைக்கு வாங்கப்படுவதே இல்லை, பயன்படுத்திய பின் பிரெல்லியிடம் திரும்பிப் போய்ச் சேர வேண்டிய இரவல் பொருள் என்பது எனக்குப் புதிய செய்தி.

கராஜின் பின்னால் அந்தச் சக்கரங்கள் மின்போர்வை சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. உலர்தட டயருக்குப் போர்வையின் வெப்பம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த வெப்பத்தைக் காத்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, பந்தயத்தின் தொடக்க வரிசையை முடிவுசெய்யும் சனிக்கிழமைத் தகுதிச்சுற்றில் பார்த்தேன். இறுதிக் கட்டத்தில் தன் வேகச் சுற்றைத் தொடங்கவிருந்த கார்லோஸ் சைன்ஸ், டயர் இன்னும் பதத்துக்கு வராத நிலையில் கடைசி வளைவில் பின்பகுதி வழுக்கித் தடுப்பில் மோதினார்; உடனே எல்லோரையும் நிறுத்தும் சிவப்புக் கொடி காட்டப்பட்டது. போர்வையைக் கழற்றி வெளியே அனுப்பியிருந்த கார்கள் எல்லாம் திரும்பி வந்து நின்றன. வேறு யாரோ மோதியதற்காக இந்த கராஜில் ஆறேழு பேர் ஓடி வந்து போர்வையை மறுபடி சுற்றினார்கள். ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. தகுதிச்சுற்று மீண்டும் தொடங்கியபோது லாண்டோ நோரிஸ் 1 நிமிடம் 29.525 விநாடியில் முதலிடத்தைப் பிடித்தார்.

பிட் நிறுத்தப் பயிற்சியை வியாழன் மாலை முதலே பார்க்கலாம். காரை நான்கைந்து பேர் கையால் தள்ளிக்கொண்டு வந்து குறித்த இடத்தில் நிறுத்த, ஒரு சக்கரத்துக்கு மூவர் என்று நான்கு சக்கரங்களுக்கும் பன்னிருவர், முன்னும் பின்னும் ஜாக்கிக்கு ஆட்கள், இருபுறமும் காரை அசையாமல் பிடிப்பவர்கள், முன் இறக்கையைத் திருத்துபவர்கள் என்று இருபதுக்கும் மேற்பட்டோர் அதைச் சூழ்ந்துகொள்வார்கள். பழைய சக்கரத்தை எடுப்பவர், புதியதை வைப்பவர், 'கன்' எனும் விசைக்கருவியைப் பிடித்து நட்டைக் கழற்றிப் பூட்டுபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரே வேலை. சக்கரத்துக்கு ஒரே நட்டு. மெக்லாரன் அணி 2023-இல் கத்தாரில் 1.80 விநாடியில் நான்கு சக்கரங்களையும் மாற்றியது உலகச் சாதனை.

இருபதடி தொலைவில் நின்று பார்த்தபோது என் கவனத்தைப் பிடித்துக்கொண்டவர் முன் ஜாக்கிக்காரர். கார் அவரை நோக்கி நேராக வருகிறது, அவர் விலகுவதில்லை. முழங்காலை மடக்கி, ஜாக்கியின் பிடியைச் சற்றுச் சாய்த்து, காரின் மூக்கு அதன்மேல் ஏறும் கணத்தில் தன் உடலின் எடை முழுவதையும் பிடியின்மேல் போடுகிறார். ஜாக்கியின் தலை சுழலக்கூடியது என்பதால், தூக்கிய உடனே அவர் பக்கவாட்டில் வந்துவிட, காரின் முன்னால் வழி திறந்துவிடுகிறது. அவர் இதையே திரும்பத் திரும்பச் செய்தார். ஒருமுறை புதிய சக்கரம் கால் விநாடி தாமதமாக உட்கார்ந்திருக்க வேண்டும். என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் தலைவர் போலிருந்தவர் கையை உயர்த்த, காரை மறுபடியும் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். நட்டு இறுகியதும் கன்னிலிருந்து செல்லும் சமிக்ஞையைக் கொண்டுதான் காருக்குப் பச்சை விளக்கு கிடைக்கிறது என்றாலும், எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிட்டு மனிதர் பார்த்து உறுதிசெய்யும் நேரத்தைச் சுருக்கிவிடக் கூடாது என்று 2021-இல் எஃப்.ஐ.ஏ. கட்டுப்பாடு கொண்டுவந்தது. சக்கரம் சரியாகப் பூட்டாத கார் வெளியே போவதைவிட அரை விநாடி இழப்பது மேல் என்பது அதன் நியாயம். எனக்கும் அதில் உடன்பாடே.

இந்த வேகம் சிங்கப்பூரில் ஓரளவு வீண் என்றும் சொல்லலாம். மற்ற பல தடங்களில் பிட் லேன் வேக வரம்பு 80 கிலோமீட்டர். இங்கே அந்த ஆண்டு 60 கிலோமீட்டர்தான். இரண்டு விநாடியில் சக்கரம் மாற்றினாலும், அந்த நீண்ட சந்தில் ஊர்ந்து போய்த் திரும்பத் தடத்தில் சேர்வதற்குள் ஏறத்தாழ அரை நிமிடம் போய்விடுகிறது. முந்துவதும் கடினமான தடம் என்பதால், இங்கே யாரும் ஒருமுறைக்கு மேல் நிற்க விரும்புவதில்லை.

நான் மிகவும் விரும்பிப் பார்த்த இடம் எஃப்.ஐ.ஏ.-வின் கராஜ். எந்த அணியின் நிறமும் இல்லாத அந்த அறையில் தரையோடு தரையாக ஓர் எடைமேடை இருக்கிறது. தகுதிச்சுற்று நடக்கும்போது பிட் லேனுக்குள் வரும் கார் அங்கே சிவப்பு விளக்கைக் கண்டால் உடனே நிற்க வேண்டும். தள்ளி உள்ளே கொண்டுபோய் எடை பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். நிற்காமல் போனால் மறுநாள் பந்தயத்தைப் பிட் லேனிலிருந்து தொடங்க நேரிடும். 2024-இல் ஓட்டுநரையும் சேர்த்துக் காரின் குறைந்தபட்ச எடை 798 கிலோ. அதைப் பார்த்து நின்றபோது, இரண்டு மாதங்களுக்கு முன் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஜார்ஜ் ரஸலுக்கு நேர்ந்தது நினைவுக்கு வராமல் இருக்குமா? ஒரே ஒரு நிறுத்தத்தோடு ஓட்டி முதலாவதாக வந்தார். எடைமேடையில் காரின் எடை சரியாக 798 கிலோ. பிறகு தொட்டியில் மீதமிருந்த எரிபொருளை வடித்துவிட்டு மறுபடி நிறுத்தியபோது 796.5 கிலோ. ஒன்றரைக் கிலோவுக்காக வெற்றி பறிபோய், இரண்டாவதாக வந்த லூயிஸ் ஹாமில்டனுக்குச் சென்றது. எடைமேடைக்கு ஹாமில்டனும் தெரியாது, ரஸலும் தெரியாது.

தகுதிச்சுற்று தொடங்கியதிலிருந்து பந்தயம் வரை கார்கள் 'பார்க் ஃபெர்மே' என்ற கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. முன் இறக்கையின் கோணம் போன்ற சிலவற்றைத் தவிர வேறெதையும் மாற்ற முடியாது. மாற்றினால் பிட் லேனிலிருந்துதான் தொடக்கம். இரவில் காரை உறையிட்டு முத்திரையிடுகிறார்கள். அணியின் ஆட்கள் தடத்துக்குள்ளேயே இருக்கக் கூடாத ஊரடங்கு நேரமும் உண்டு. சனி நள்ளிரவுக்குப் பின் நான் வெளியேறும்போது, இத்தனை கோடி செலவு செய்து இத்தனை தொலைவு கொண்டுவந்த காரைத் தொட உரிமை இல்லாமல் அதன் சொந்தக்காரர்களே கராஜ் கதவை இறக்கிவிட்டுப் போனார்கள்.

அணிகளைவிட்டு வெளியே வந்தால், தடத்தின் ஓரத்தில் நிற்பவர்கள் தொண்டர்கள். என் அக்கா மகன் ஆண்டர்சன் பாலத்தின் அருகே மார்ஷலாக, அதாவது தடத்தின் பாதுகாப்பைக் கவனிப்பவனாக, இருந்தான். செம்மஞ்சள் உடுப்பும் தடித்த கையுறையும் அணிந்து அந்த வெப்பத்தில் மணிக்கணக்காக நிற்கிறார்கள். கைதட்டவோ படம் எடுக்கவோ கூடாது. சாலைத் தடத்தில் கார் ஒதுங்கிக்கொள்ள மணற்பரப்பு கிடையாது, சுவர்தான் உண்டு. நின்றுபோன காரைப் பெரும்பாலும் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும். "மோதினதும் ஓடிப்போய்த் தூக்கணும்னு நெனப்பீங்க மாமா, ஆனா முதல்ல அந்த விளக்கு பச்சையா இருக்கான்னுதான் பார்க்கணும்" என்று அவன் சொன்னபோது, கராஜில் நான் பார்த்த அதே விளக்கைத்தான் அவனும் சொல்கிறான் என்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

2008-இல் முதல் பந்தயம் நடந்தது முதல் 2023 வரை, சிங்கப்பூரில், விபத்து நேரத்தில் முன்னால் வந்து எல்லோரின் வேகத்தையும் குறைக்கும் பாதுகாப்புக் கார் வராத பந்தயம் ஒன்றுகூட இல்லை. 2012-இல் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன், பார்வையாளர் மாடத்தின் அடியே சென்ற பழைய பாதையின் பதினெட்டாம் வளைவில் சுவரில் மோதியபோதும் அது வந்தது. 2023-இல் தடத்தை மாற்றியபோது அந்தப் பகுதியே போய்விட்டது. உடும்புகள் வேறு. 2016-இல் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் தடத்தில் ஒரு பெரிய பல்லி நிற்பதாகத் தன் அணியுடன் பேசும் வானொலியில் சொன்னது ரசிகர்கள் மறக்காத ஒன்று. நான் இருந்த சனிக்கிழமைப் பயிற்சியிலும் ஓர் உடும்பு தடத்துக்குள் வந்து எல்லாக் கார்களையும் நிறுத்திவிட்டது. கராஜில் அந்த வார இறுதியில் நான் கேட்ட ஒரே உரத்த சிரிப்பு அப்போதுதான் எழுந்தது.

ஞாயிறு இரவு தொடக்கக் கோட்டின் பின்னால் இருபது கார்களும் வரிசையாக நின்றன. காரின் பக்கவாட்டுத் துளைகளில் உலர்பனி நிரப்பிய ஊதிகளைச் செருகி வைத்திருந்தார்கள். நிற்கும் காருக்குக் காற்று கிடையாதே. ஓட்டுநர்கள் பனிக்கட்டி வைத்த மேலாடையைக் கடைசி வரை கழற்றவில்லை. ஒரு நிமிடம் இருக்கும்போது என்ஜின்கள் எழுந்தன. 15 விநாடிக்கு முன் எல்லோரும் விலகியிருக்க வேண்டும் என்பதால், தள்ளுவண்டிகளை இழுத்துக்கொண்டு அத்தனை பேரும் ஓடிய ஓட்டம், பந்தயத்தில் நான் கண்ட முதல் ஓட்டம்.

62 சுற்றுகளையும் நோரிஸ் முன்னிலையிலேயே ஓட்டி முடித்தார். இரண்டு முறை சுவரை உரசியும் தப்பினார். வெர்ஸ்டாப்பனைவிட 20 விநாடிக்கும் மேல் முன்னால் வந்தார். பாதுகாப்புக் கார் வரவே இல்லை. பந்தயமாகப் பார்த்தால் சற்று மந்தமான இரவு என்றுதான் சொல்வேன். ஆனால் கடைசியில் ஒரு சிறு திருப்பம் இருந்தது. புள்ளிகளுக்கு வாய்ப்பில்லாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்த டேனியல் ரிக்கார்டோ, முடியும் தறுவாயில் பிட்டுக்குள் வந்து மென்மையான டயரை மாட்டிக்கொண்டு, 1 நிமிடம் 34.486 விநாடியில் பந்தயத்தின் அதிவேகச் சுற்றை ஓட்டினார். அதிவேகச் சுற்றுக்கு 2024 வரை ஒரு புள்ளி தரப்பட்டது; முதல் பத்து இடங்களுக்குள் வராதவருக்கு அது கிடைக்காது. ஆனால் அது நோரிஸுக்கும் கிடைக்காமல் போயிற்று. அது சாம்பியன் பட்டப் போட்டியில் வெர்ஸ்டாப்பனுக்கு உதவும் கணக்கு என்று பேடக்கில் உடனே பேச்சு எழுந்தது. ரிக்கார்டோவின் அணியும் வெர்ஸ்டாப்பனின் அணியும் ரெட் புல்லுக்கே சொந்தமானவை என்பதால் அந்தப் பேச்சு எளிதில் அடங்கவும் இல்லை. சில நாட்களில் ரிக்கார்டோவின் இடம் லியாம் லாசனுக்குப் போனது.

கொடி அசைத்ததோடு பந்தயம் முடிந்துவிடுவதில்லை. ஓட்டுநர்கள் தலைக்கவசத்தோடு எடைமேடையில் ஏறினார்கள். கார்களின் அடியில் பொருத்தியிருக்கும் பலகை 10 மில்லிமீட்டரிலிருந்து 9-க்குக் கீழே தேய்ந்திருக்கக் கூடாது. 2023-இல் ஆஸ்டினில் ஹாமில்டனும் சார்ல் லெக்லெரும் இதில்தான் தகுதியிழந்தார்கள். தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எரிபொருளைச் சோதனைக்கு எடுக்க முடிய வேண்டும். 2021-இல் ஹங்கேரியில் இரண்டாவதாக வந்த செபாஸ்டியன் வெட்டலின் காரிலிருந்து 0.3 லிட்டர்தான் வந்ததால் அந்த இடத்தையே இழந்தார். அன்றிரவு அப்படி எதுவும் நடக்கவில்லை. நோரிஸின் வெற்றி நிலைத்தது. அந்த அறிவிப்புக்காக நான் காத்திருந்த நேரத்தில் கராஜின் சுவர்ப் பலகைகளில் பாதி ஏற்கெனவே பெட்டிகளுக்குள் போயிருந்தன. அடுத்த பந்தயம் ஆஸ்டினில், அக்டோபர் 20-இல்தான். நான்கு வாரம் இருந்தும் அவர்கள் அவசரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. விருந்தினர் அட்டை மறுபடி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா மகனோ என்னையும் மார்ஷல் பயிற்சிக்குப் பதிந்துகொள்ளச் சொல்லி விடாமல் நச்சரிக்கிறான். கைதட்டக் கூடாது என்ற விதியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நான் தயார்.